கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.பி.எச்.: டெல்டாவில் இருந்தபடி படிக்கலாமா?

கேள்வி இதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் சகோதரி, லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், வேலையை விடாமல் அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை, படிக்க நினைக்கிறார். சபை ஐயர், அதாவது போதகர், சேரச் சொல்கிறார். வீட்டுக்காரரோ, "இது பைபிள் படிப்பா, ஆஸ்பத்திரிப் படிப்பா? இதை வச்சு கவர்மென்ட் வேலை கிடைக்குமா?" என்கிறார். என்ன செய்யலாம்?

தங்கச்சி, வீட்டுக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் கேட்ட இரண்டும் கேட்க வேண்டிய கேள்விதான். நான் இதே வகைப் படிப்பைக் கும்பகோணத்தில் இருந்தபடி, வேலை பார்த்துக்கொண்டே முடித்தவன். கிறிஸ்தவன் இல்லை, தேவாரம் பாடுகிற வீடு. அதனால் உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

அரசு வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதற்காகத்தான் என்றால் சேராதீர்கள். 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. அந்த மரபில் இன்றைக்கும் தனி இயக்ககம், தனிப் பணி வரிசை உண்டு. ஆனால் அந்த வரிசையில் மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர் நல அலுவலர் போன்ற நாற்காலிகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானவை. நர்ஸ் ஒருவர் எம்.பி.எச். வாங்கிக்கொண்டு வந்து அங்கே உட்கார முடியாது. மாவட்ட அளவிலான ஒப்பந்தப் பணிகளுக்கு எம்.பி.எச். கேட்கிறார்கள், உண்மைதான். அந்த அறிவிப்புகளில் "அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம்" என்ற இரண்டு சொல்லும் கூடவே இருக்கும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அது இந்தியப் பட்டத்துக்கு ஈடு என்று சொல்லும் சமநிலைச் சான்று கேட்பார்கள். நெடுநாளாக இந்தச் சான்றைக் கொடுத்துவந்தது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். நேரில் போய்ப் படித்த பட்டங்களைத்தான் அது கணக்கில் எடுத்தது. 2025இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. இதற்குத் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் "ஆன்லைன்" என்பதையும் குறிப்பிட்டு, யு.ஜி.சி.யிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அட்மிஷன் ஏஜென்ட் போனில் சொல்லும் "எல்லா இடத்திலும் செல்லும்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

அரசுப் பக்கம்தான் குறி என்றால் உங்கள் வீட்டு வாசலிலேயே வழி இருக்கிறது. திருவாரூர் நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியலும் பொதுச் சுகாதாரமும் சேர்ந்த முதுகலைப் படிப்பு உண்டு. உங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும் எம்.பி.எச். இருக்கிறது. இவை எல்லாம் முழுநேரம். வேலையை விட வேண்டும். அந்த ஒரு காரணத்தால்தான் நீங்கள் ஆன்லைன் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனாலும் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் இருப்பதையும் டாலரில் கட்டணம் கட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அங்கே படிப்பின் அளவை யூனிட் என்று எண்ணிக் கட்டணம் போடுவார்கள். யூனிட்டுக்கு 500 டாலர் என்று குறைத்து வைத்தாலும் 42 யூனிட்டுக்கு 21,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்று போட்டாலே ஏறத்தாழ 18 லட்சம். பல பல்கலைக்கழகங்களில் இதைவிடக் கூடுதல்.

இனி, பைபிள் படிப்பா என்ற கேள்வி.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கென்றே சி.இ.பி.எச். என்ற அங்கீகாரக் குழு இருக்கிறது. அது அங்கீகரித்த எம்.பி.எச். எந்த மதத்தார் நடத்தினாலும் குறைந்தது 42 செமஸ்டர் யூனிட், அல்லது அதற்கு ஈடாக 56 குவார்ட்டர் யூனிட் இருக்க வேண்டும். புள்ளியியல், தொற்றுநோயியல், சுகாதாரக் கொள்கை, நிர்வாகம் எல்லாம் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். கலிஃபோர்னியாவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் நடத்தும் லோமா லிண்டா பல்கலைக்கழகம் இந்த வகையில் பழைய கை. தன் சபையாரின் உணவுப் பழக்கத்தையும் ஆயுளையும் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்துவரும் இடம் அது. சைவ உணவு பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் கணிசமானவை அங்கே பிறந்தவை. சபை நடத்துகிறது என்பதால் அறிவியல் தரம் குறைந்துவிடாது என்பதற்கு இது போதும். அதேபோல, சபையின் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தரம் தானாக வந்துவிடவும் செய்யாது. சி.இ.பி.எச். பட்டியலில் பெயர் இல்லாத, பெரிய சிலுவையும் அழகான வெப்சைட்டும் மட்டுமே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஐயர் பரிந்துரைத்த இடம் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஐயர் நல்ல மனுஷர்தான். ஆனால் அங்கீகாரம் பார்ப்பது அவர் வேலை இல்லை.

மதம் எங்கே வருகிறது என்றால், என் படிப்பில் மூன்று யூனிட் மதப் பாடம் கட்டாயம். இது தவிர சில பாடங்களில் வாராந்திரச் சிந்தனைப் பகுதி ஒன்று இருக்கும். நோய், துன்பம், நீதி பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்வார்கள். நான் அப்பர் பெருமானின் சூலை நோயைப் பற்றி எழுதினேன். பேராசிரியர் ஆர்வமாகக் கேள்வி கேட்டு மறுமொழி போட்டார். மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. எல்லா இடமும் இப்படி இருக்காது. சில பல்கலைக்கழகங்களில் மாணவரே விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். சிலவற்றில் ஆசிரியர்கள் மட்டும். நீங்கள் லுத்தரன் என்பதால் இது உங்களுக்குச் சிக்கலாக இருக்காது என்று நினைக்கலாம். ஆனால் கத்தோலிக்க நிறுவனத்தில் குடும்பக்கட்டுப்பாட்டுப் பாடம் எப்படி நடக்கும், எவாஞ்சலிகல் நிறுவனத்தில் ஹெச்.ஐ.வி. தடுப்பைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே சிலபஸ் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாளைக்குக் காப்பர்-டி பற்றிக் கிராமத்தில் பேசப்போவது நீங்கள்.

அந்த மதப் பாடத்தில்தான் எனக்கு ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. 1978இல் அல்மா ஆட்டாவில் அனைவருக்கும் நலவாழ்வு, அதற்கு வழி ஆரம்ப சுகாதாரம் என்று உலக நாடுகள் பிரகடனம் செய்ததைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். அந்தச் சிந்தனைக்குப் பின்னால் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தின் பங்கு பெரிது. மிஷன் ஆஸ்பத்திரிகள் பணத்தையெல்லாம் கட்டடத்திலும் படுக்கையிலும் போடுகின்றன, வாசலுக்கு வெளியே ஊர் நோயில் கிடக்கிறது என்று தங்களையே கேள்வி கேட்டவர்கள் அவர்கள். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற வறண்ட ஊரில் டாக்டர்கள் ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி 1970இல் தொடங்கிய வேலை, படிக்காத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கியது. 1975இல் உலக சுகாதார நிறுவனமே அதை முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துப் பேசியது. இன்று உங்கள் ஊருக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" என்று பிரஷர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெண்ணுக்கும் அந்த வழிக்கும் உறவு இருக்கிறது. சாதாரண எம்.பி.எச்.சில் இதை ஒரு ஸ்லைடில் கடந்துவிடுவார்கள். எங்களுக்கு முழுசாகப் படிக்கக் கொடுத்தார்கள்.

சரி, இதெல்லாம் டெல்டாவில் எதற்கு உதவும்? என் மனசில் உள்ள பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காததா? வயலுக்குத் தண்ணீர் கட்ட இருட்டில் வரப்பில் போனவரைக் கண்ணாடி விரியன் கடிக்கும். வீட்டில் யாரும் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "பூச்சி கடிச்சிடுச்சு" என்றுதான் கூட்டிவருவார்கள். நீங்கள் சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பீர்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது, ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்து போட வேண்டும். நர்சிங் உங்களுக்கு இதுவரை சொல்லிக்கொடுத்தது. எம்.பி.எச். கேட்கச் சொல்லிக்கொடுப்பது வேறு: கடித்த நேரத்துக்கும் அந்தக் குழாயில் ரத்தம் விழுந்த நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி போனது? அந்த நேரம் எங்கே போனது?

பாதி நேரம் மந்திரிக்கப் போன இடத்தில் போயிருக்கும். இங்கே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. மந்திரித்துவிட்டு வந்த 40 பேரில் 12 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது, நேரே வந்த 60 பேரில் 6 பேருக்குத் தேவைப்பட்டது என்று வையுங்கள். முதல் கூட்டத்தில் 30 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். ஆபத்து மூன்று மடங்கு. உடனே "மந்திரவாதியை ஒழி" என்று நோட்டீஸ் அடிக்கத் தோன்றும். எபிடெமியாலஜி, அதாவது தொற்றுநோயியல், வகுப்பு உங்கள் கையைப் பிடித்து நிறுத்தும். ஆஸ்பத்திரியிலிருந்து தூரத்து ஊர்க்காரர்கள்தான் மந்திரிக்கவும் போகிறார்கள் என்றால், பழி மந்திரத்துக்கா, பஸ் இல்லாத இரவுக்கா? அது ஒன்று. மந்திரித்து "குணமான" ஆட்கள் உங்கள் ரெஜிஸ்டருக்கே வரமாட்டார்கள். அவர்களைக் கடித்தது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பாக இருக்கலாம், விஷப் பாம்பே விஷம் செலுத்தாமல் கடித்திருக்கலாம். அந்த ஆட்களால்தான் ஊரில் மந்திரத்துக்குப் பெயர். உங்கள் 40 பேர் அதில் மிச்சம், கெட்டுப்போன பிறகு வந்தவர்கள். ஆக, இந்த மூன்று மடங்கை அப்படியே நம்ப முடியாது.

இங்கேதான் மதம் பற்றி யோசிக்கப் பழகிய எம்.பி.எச்.சுக்கு ஒரு வேலை இருக்கிறது. வெறும் விழிப்புணர்வு நோட்டீஸ் கோயில் பூசாரியையும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் எதிரியாக்கும். இரவு இரண்டு மணிக்கு ஊரில் கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் அவர்தான். "நீங்க திருநீறு போடுங்க, போட்டுட்டே 108-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்று அவரைக் கூட்டாளியாக்க முடியுமா? முடிந்தால் எத்தனை நிமிடம் மிச்சமாகிறது? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஆஸ்பத்திரிகள் கணக்கு கொடுத்தாக வேண்டும். கணக்கு சேரும்போது அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

இது ஓர் உதாரணம்தான். நம் பகுதியில் கூட்டமும் நோயும் நம்பிக்கையும் பிரியாமல் கிடக்கின்றன. ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறவர்களின் கால் கொப்புளமும் குடிதண்ணீரும், நாகூர் கந்தூரிக் கூட்டம், கும்பகோணத்தில் 2028இல் வரப்போகும் மகாமகம். 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் சுமார் 50 பேர் இறந்ததை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. அமெரிக்கப் பேராசிரியருக்கு இவை எதுவும் தெரியாது. நீங்கள்தான் அசைன்மெண்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் மதிப்பெண்ணும் வரும், வேலைக்கும் ஆகும். வைக்காமல் அவர்கள் ஊர் உதாரணங்களையே எழுதிக்கொண்டிருந்தால் 18 லட்சம் தண்டம்.

பிராக்டிகம் என்ற களப்பயிற்சியை இங்கேயே செய்யலாம். யார் மேற்பார்வை, அந்த ஆளுக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நோயாளிகளிடம் தகவல் சேகரிப்பதாக இருந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி மட்டும் போதாது, இங்கேயும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்தாக வேண்டும், ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவு. வெளிநாட்டு ஆய்வுக் கூட்டு என்று ஆகிவிட்டால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போக வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். பெயர், முகவரி நீக்கிய பழைய ரெஜிஸ்டர் தகவலை வைத்துத் திட்ட மதிப்பீடு செய்வது மாணவருக்குச் சுலபம்.

படிக்கிற விதம் பற்றி. ஆன்லைன் என்றால் இஷ்டப்பட்ட நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். புதன்கிழமை டிஸ்கஷன் போர்டில் பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு வகுப்புத் தோழர்களுக்கு மறுமொழி என்று வாராவாரம் ஓடும். கலிஃபோர்னியாவில் மாலை 5 மணி வகுப்பு நமக்கு விடியற்காலை 5.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 6.30. நைட் டூட்டி முடிகிற நேரம் அது, வார்டை ஒப்படைக்கும் முன் லாகின் செய்ய முடியாது. அட்வென்டிஸ்ட் நிறுவனமாக இருந்தால் இன்னொன்று: வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி மறையும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நம் கணக்கில் சனி காலையிலிருந்து ஞாயிறு காலை வரை யாரும் மெயிலுக்குப் பதில் சொல்லமாட்டார்கள். வேலைக்குப் போகிற நமக்குச் சந்தேகம் வருவதே அந்த நேரத்தில்தான்! ஆகஸ்ட்–செப்டம்பரில் தொடங்கும் பருவத்தின் கடைசிப் பரீட்சைகள் நம் ஐப்பசி கார்த்திகை மழையில் வந்து விழும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது உங்கள் பகுதியில் கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். புயல் எச்சரிக்கை வந்தவுடனே பேராசிரியருக்கு மெயில் போட்டுவிடுங்கள். முன்னால் சொன்னால் அவகாசம் தருவார்கள், பின்னால் சொன்னால் காரணம் கேட்பார்கள்.

விண்ணப்பம் சுலபம்தான். உங்களுடையது நாலு வருடப் பட்டம் என்பதால் மூன்று வருட பி.எஸ்சி.காரர்களுக்கு வரும் தலைவலி இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் கேட்பார்கள்.

படித்து முடித்த பிறகு வேலை? மிஷன் ஆஸ்பத்திரிகள், சபை சார்ந்த சுகாதார அமைப்புகள், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இந்தப் பட்டத்தை மதிக்கும். ஆனால் அவர்கள் கையிருப்பைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை என்றிருந்தது 20 சதவீதமாகச் சுருங்கியது. பணம் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளை வழியாகத்தான் வர வேண்டும். உரிமம் புதுப்பிக்கப்படாமல் போன அமைப்புகள் பல. அப்படிப்பட்ட இடத்தில் "திட்ட ஒருங்கிணைப்பாளர்" சம்பளம் எவ்வளவு, எத்தனை வருடம் நிற்கும் என்று கேளுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் இப்போதே பேசிவிடுங்கள்: படிப்பு முடிந்தால் சமுதாய சுகாதாரப் பிரிவு உங்களிடம் வருமா, இல்லை அதே வார்டு, அதே சம்பளமா? அவர்கள் கட்டணத்தில் பாதி ஏற்றுக்கொண்டு நாலு வருடம் வேலை பார்க்க ஒப்பந்தம் கேட்டால் நான் சம்மதிப்பேன். வாய் வார்த்தையாக "பார்த்துக்கலாம் சிஸ்டர்" என்றால் அதை நம்பி லட்சங்களைப் போடமாட்டேன்.

கடைசியாக, முழுப் பட்டத்துக்கும் இன்றே சேர வேண்டியதில்லை. பல இடங்களில் பட்டத்தில் சேராமலே ஒரே ஒரு பாடம் எடுக்க விடுகிறார்கள். பிறகு சேர்ந்தால் அந்த யூனிட் கணக்கில் வருமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எபிடெமியாலஜி அல்லது பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுங்கள். மதப் பாடம் உங்களுக்கு எப்படியும் வரும், அதில் சோதிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்காரரிடம் அந்த ஒரு பாடத்துக்கான பணத்தை மட்டும் கேளுங்கள். ஜனவரியில் தொடங்கும் பருவமாக எடுத்தால் மழைத் தொல்லையும் இருக்காது, அறுவடை முடிந்து அவர் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும்.